நீண்ட ஓட்டத்தில் தண்ணீருக்குக் குறை வைக்காமலே தலைவலியும் விரல் வீக்கமும் வருவது ஏன்?

வேளச்சேரிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. ஜனவரியில் நடக்கவிருக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கி.மீ. ஓட வேண்டும் என்ற எண்ணத்தில், ஞாயிறுதோறும் பெசன்ட் நகரில் தொடங்கித் திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகி வருகிறேன். கடந்த மே மாதத்தில் ஒரு நாள் பாதி வழியில் மயக்கம் வந்து நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பயத்தில், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடிப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

சென்ற ஞாயிறு 18 கி.மீ. தூரத்தை 2 மணி 10 நிமிடத்தில் ஓடினேன். அதற்குள் அரை லிட்டர் பாட்டில்கள் ஐந்தரை, அதாவது 2.75 லிட்டர் தண்ணீர் உள்ளே போயிற்று. 14ஆவது கிலோமீட்டர் அளவில் கல்யாண மோதிரம் விரலை இறுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து சோப்பு தேய்த்தும் கழலவில்லை. தலை கனத்து, குமட்டலும் இருந்தது. ஓடுவதற்கு முன் 72.4 கிலோவாக இருந்த எடை, திரும்பி வந்து பார்த்தபோது 73.0 கிலோ. சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும் அளவுக்கு வியர்த்த பிறகும் எடை எப்படிக் கூடும்? ஓடுவதற்கு முன் ஒரு குவளை கடுங்காப்பி தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைக் காற்று

உங்கள் கேள்விக்கான விடை எடைக் கருவியிலேயே இருக்கிறது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி வியர்வைதான். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று கொள்ளலாம். நீங்கள் குடித்தது 2.75 லிட்டர், கூடியது 0.6 கிலோ என்றால், வியர்த்தது 2.15 லிட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். வெளியே போனதைவிட உள்ளே போனது அதிகம் என்பதால்தான் எடை கூடியது.

ஆனால் ஓர் ஐயம்: நனைந்த சட்டையோடும் காலணியோடும் எடை பார்த்தீர்களா? அப்படியானால் அந்த 600 கிராமில் ஒரு பங்கு துணியில் தங்கிய வியர்வையாக இருக்கும். அடுத்த முறை துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, உடையில்லாமல் முன்னும் பின்னும் பாருங்கள். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்த காலைகளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை என்பதால், உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. எனவே ஊட்டியில் ஓடும் நண்பரின் கணக்கை வாங்கி நம் ஊரில் பயன்படுத்த முடியாது. டிசம்பர்க் கணக்கு மே மாதத்துக்கும் ஆகாது.

இழந்த நீரை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. உங்கள் எடைக்கு அது ஏறத்தாழ 1.4 கிலோ.

மருத்துவர், ஓய்வு நேர ஓட்டக்காரர்

மேலே சொன்ன கணக்கு சரியே. மோதிரம் இறுகுவது மட்டுமே நோயாகாது. கையை வீசி ஓடும் பலருக்கும் விரல் சற்று வீங்கும். ஆனால் அதனோடு எடை கூடி, தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால், இரத்தத்தில் சோடியம் (உப்பில் இருப்பது) நீர்த்துப் போயிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2005இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் அது அதிகமாகக் காணப்பட்டது. மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, நின்று நின்று குடிக்க நேரமோ அதிகம். நம்மைப் போன்றவர்கள்தாம் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

“அப்படியென்றால் உப்புக் கலந்து வேண்டிய மட்டும் குடிக்கலாமா?” என்று அடுத்து யாரேனும் கேட்பீர்கள். கூடாது. இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 75தான், கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் சுமார் 20. எதைக் குடித்தாலும் அளவு மீறினால் இரத்தம் நீர்க்கவே செய்யும். உப்பு உதவும், ஆனால் அளவுக்கு மீறிக் குடித்ததை அது சரிசெய்யாது. ஓடுவதற்கு முன் வலி வராமலிருக்க இபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிறுநீரகம் நீரை வெளியேற்றுவதை அது தடுக்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், உப்பைக் கூட்டும் முன் தம் மருத்துவரைக் கேட்பது நல்லது.

ஓடியவர் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, வாயில் தண்ணீரை ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இட்லிப் பிரியர்

எல்லோரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். வெறுங்காப்பியில் 18 கி.மீ. ஓடியதை யாரும் கேட்கவில்லையே! மே மாத மயக்கத்துக்குக் கூடப் பசி ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்வது வழக்கமான பரிந்துரை. நான் ஐந்தரை மணிக்கு ஓடுவதானால், நான்கு மணிக்கே எழுந்து இரண்டு இட்லியை நாட்டுச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவேன். சட்னியும் பொடி எண்ணெயும் திரும்பி வந்த பிறகுதான். கடலை மிட்டாயை ஒரு முறை வழியில் தின்று பார்த்தேன். அதன் கொழுப்பு செரிக்காமல் வயிற்றிலேயே நின்று, மீதித் தூரத்தை நடந்தே வந்தேன்.

அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, அரை கிராமுக்குச் சற்று மேலான உப்பு, பாதி எலுமிச்சம்பழம்: இதுதான் என் பாட்டில். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்திருக்கும்போது சிறுகுடல் நீரை விரைந்து உறிஞ்சுகிறது, ஓ.ஆர்.எஸ். செயல்படுவதும் இதே வழியில்தான். இளநீர் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி. வியர்வையில் பெரிதும் போவதோ சோடியம். ஆகையால் ஓடி முடித்த பின் இளநீரும், உப்புப் போட்ட நீர்மோரும், பழைய சோறும் என்று வைத்துக்கொண்டேன்.

வேளச்சேரிக்காரர்

மூவருக்கும் நன்றி. ஆம், ஈரச் சட்டையோடும் காலணியோடும்தான் எடை பார்த்தேன். இந்த ஞாயிறு அதே வழி, அதே 18 கி.மீ. வாழைப்பழம் ஒன்றும் இட்லி இரண்டும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். எலுமிச்சை உப்புச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு லிட்டரும் வெறும் தண்ணீர் 200 மில்லி லிட்டரும் குடித்தேன். துடைத்துவிட்டுப் பார்த்ததில் எடை 72.3இலிருந்து 71.3 ஆகியிருந்தது. அதாவது வியர்த்தது 2.2 லிட்டர். தலைவலி இல்லை. மோதிரத்தை முன்னெச்சரிக்கையாகக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று மனைவி சொன்னார். சோதனை கெட்டுவிடுமே என்று போட்டுக்கொண்டே ஓடினேன், திரும்பி வந்ததும் சோப்பில்லாமலே கழன்றது. கடைசி மூன்று கிலோமீட்டரில் மட்டும் நாக்கு வறண்டது. அடுத்த வாரம் 1.4 லிட்டர் வைத்துப் பார்க்கப் போகிறேன்.