வாவ் (வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட்) கேம்ல அலையன்ஸ் பக்கத்தில இருந்து எதிர்ப்பக்கம் ஹோர்டுக்குக் கிறுக காசு கட்டத்தான் வேணுமா?

கல்லடி_ட்ரூயிட் (மட்டக்களப்பு)

எண்ட கரக்டர் நைட் எல்ஃப் இனம், ட்ரூயிட் வகுப்பு, அலையன்ஸ் பக்கம், ஓசியானியா (அவுஸ்திரேலியாப் பக்க) சேவர். கல்முனையில இரிக்கிற கூட்டாளிமார் நாலு பேரும் ஹோர்ட். அவங்களோட சேர்ந்து மித்திக் பிளஸ் டஞ்சன் (அஞ்சு பேர் சேர்ந்து அடிக்கிற கஷ்டமான நிலவறை) அடிக்கணும். கடையில ஃபக்‌ஷன் சேஞ்ச் (பக்கம் மாத்துற சேவை) 30 டொலர் எண்டு கிடக்கு, எங்கட காசுக்கு 9,000 ரூபாக்குக் குறையாது. இத விட்டா வேற வழி இல்லையா? கட்டினா என்ன மாறும், என்ன போகும்? மாத்தினாப் பிறகு கையைப் பிசையிற மாதிரி ஏதும் இருந்தா அதையும் சொல்லுங்க.

மறுகா இன்னொண்டு. தங்கச்சி வாவ்ட பழைய வடிவமான கிளாசிக்ல பேர்னிங் குருசேட் ஆடுறா. அதில ஒண்டுக்கொண்டு எதிரான ரெண்டு குழு இரிக்கு. ஆல்டர் பக்கம் ரெப்ப (நற்பெயர்ப் புள்ளி) ஹொனர்ட் நிலை வரைக்கும் ஏத்திப்போட்டு இப்ப மற்றக் குழு ஸ்க்ரையர்ஸுக்குப் போகணும் எண்டு நிக்கிறா. அது ஏலுமா?

---

அக்கரைப்பற்று_டேங்க்

டஞ்சன் மட்டும்தான் தேவை எண்டா காசு கட்டாதீங்க மச்சான். 2022 மே மாசக் கடைசியில வந்த 9.2.5 பட்ச்சோட (கேம் அப்டேட்) ரெண்டு பக்க ஆக்களும் ஒரே பார்ட்டியில சேரலாம். மித்திக், ரெயிட் (பெரிய குழுச் சண்டை), ரேட்டட் பிவிபி (ஆளோட ஆள் மோதுற தரவரிசை ஆட்டம்) எல்லாத்துக்கும் சரி. 2023 மே மாசம் 10.1 வந்தாப் பிறகு ஒரே கில்டிலயும் (ஆட்டக்காரர் சங்கம்) இருக்கலாம்.

எல்லாரும் பிழை விடுற இடம் ஒண்டு இரிக்கு. கூட்டாளிட கரக்டர் பேரை அடிச்சு ஃப்ரெண்டா சேர்த்துப்போட்டு இன்வைட் போகுதில்ல எண்டு நிப்பாங்க. மறுபக்க ஆளை நேரா இன்வைட் பண்ண பட்டில்டேக்ல (கேம் கணக்கிட பேர்) சேர்த்திருக்கணும். ‘ஓ’ கீயை அமத்தி ஃப்ரெண்ட்ஸ் பெட்டியைத் திறந்து, பேரோட # போட்டு வாற இலக்கத்தையும் சேர்த்து அடிங்க. அவர் ஏத்துக்கொண்டாப் பிறகு அந்தப் பேரில ரைட் கிளிக், இன்வைட். பட்டில்டேக் குடுக்க விருப்பமில்லாட்டி கேமுக்குள்ள ஒரு கொம்யூனிட்டி (குழு) திறந்து அதுக்குள்ள எல்லாரையும் எடுத்தாலும் காணும். குரூப் ஃபைண்டர்ல (ஆள் தேடுற பட்டியல்) போடுறதெண்டா லீடர் ரெண்டு பக்கத்துக்கும் திறந்து விட்டிருக்கணும்.

டஞ்சனுக்கு உள்ளுக்குத்தான் நீங்க கூட்டாளி. வெளிய நிக்கக்குள்ள அதே பார்ட்டி ஆளே எதிராளியாத்தான் தெரிவார், வோர் மோட் (எதிர்ப்பக்க ஆக்களோட சண்டைக்குச் சம்மதம்) போட்டிருந்தா அடிக்கவும் ஏலும். அதால வெளியில சேர்ந்து குவெஸ்ட் செய்யிற நினைப்பு இருந்தா இந்த வழி சரிவராது.

---

காத்தான்குடி_வார்லொக்

மேல நானா சொன்னது சரி. எண்டாலும் கட்டித்தான் மாறணும் எண்டா இத வாசிச்சுப்போட்டு கட்டுங்க.

கட்டுற காசுக்குள்ள இனம் மாத்துறதும் தோற்றம் மாத்துறதும் அடங்கும். நைட் எல்ஃப் ஹோர்ட்ல இல்ல, அதால கட்டாயம் வேற இனம் எடுக்கணும். ட்ரூயிட் ஆகக்கூடிய இனமாவும் இருக்கணும். டாரன், ட்ரோல் ரெண்டும் உடனே கிடைக்கும். ஹைமவுண்டன் டாரனும் சண்டலாரி ட்ரோலும் வேணுமெண்டா அந்த இனங்கள முதல்ல திறந்து வச்சிருக்கணும். பூனை, கரடி உருவமும் இனத்தோட மாறும். ஷாடோமெல்ட் நைட் எல்ஃபுக்கு மட்டும் உரிய, ஒளியிற ஸ்கில், அது போயிரும். டாரனுக்கு அதுக்குப் பதிலா வோர் ஸ்டொம்ப் எண்ட ஸ்கில். பிவிபியில ஷாடோமெல்ட்டை நம்பி ஓடி ஒளியிற ஆளெண்டா இந்த நட்டம் நல்லாத் தெரியும்.

அலையன்ஸுக்கு மட்டும் உரிய மவுண்டும் (ஏறிப் போற வாகனம்) ரெப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஜோடிக்கு மாத்துப்படும். ஸ்டோம்விண்ட் ரெப் ஓர்கிரிமார் ரெப்பாப் போகும். பாதியில கிடக்கிற அலையன்ஸ் குவெஸ்ட் அப்படி வராது, அதுகள முதல்லயே முடிச்சிருங்க.

கட்டுறதுக்கு முதல் ஒக்‌ஷன்ல போட்ட சாமான் எல்லாத்தையும் கழட்டுங்க, ஏலம் கேட்டிருந்தா அது முடியட்டும், மெயில் பெட்டியைத் துடைச்சு எடுங்க. கழட்டின சாமான் மெயில்லதான் திரும்ப வரும். அதை எடுக்காம விட்டுப்போட்டு ஏன் போகுதில்ல எண்டு கேக்கிற ஆக்கள்தான் கூட.

காசு விசயம்: டெபிட் காட்ல வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பல நேரம் மூடித்தான் கிடக்கும். வங்கி அப்பில திறந்து, எல்லையையும் கூட்டி வச்சுப்போட்டு முயற்சி பண்ணுங்க. விளையாட்டுக்குள்ள தங்கம் சேர்ந்திருந்தா டெபிட் காட் வேணாம். ஒக்‌ஷன் ஹவுஸ்ல தங்கத்துக்கு வாவ் டோக்கன் வாங்கி பட்டில்நெட் பலன்ஸா (கணக்கில கிடக்கிற காசு) மாத்தலாம். ஓசியானியா சேவர் அமெரிக்க வலயத்துக்குள்ள வாறதால ஒரு டோக்கனுக்கு 15 டொலர். ரெண்டு டோக்கன் எடுத்தா சரியா 30.

ஆனா அந்தத் தங்கத்தைச் சேர்க்கிற நேரத்துக்கு ஹோர்ட்ல புதுக் கரக்டர் ஒண்டையே ஏத்திரலாம் எண்டுதான் நான் சொல்லுவன். தேர்தலுக்கு முதல் கட்சி தாவுற ஆக்களுக்கு காசு கிடைக்கும், இஞ்ச நாங்க கட்டணும்!

---

களுவாஞ்சி_கணக்குப்பிள்ளை

தங்கச்சிட கேள்விக்கு: ஏலும், ஆனா கொஞ்ச வேலை இல்ல.

ஸ்க்ரையர்ஸுக்கு 250 ரெப் ஏறினா ஆல்டர்ல 275 இறங்கும். மறுபக்கமும் இதே கணக்கு, அதாவது கூடுறதை விட 10 வீதம் கூட இறங்கும். ரெப் நிலைகளில நியூட்ரல் 0ல தொடங்கும், ஃப்ரெண்ட்லி 3,000ல, ஹொனர்ட் 9,000ல. ஆல்டர்ல இப்பதான் ஹொனர்ட் தொட்டிருந்தா ஸ்க்ரையர்ஸ் பக்கம் கிட்டத்தட்ட −9,900ல நிக்கும். ‘யூ’ கீயை அமத்தினா சரியான எண் தெரியும்.

நியூட்ரலுக்குக் கீழ நிக்கக்குள்ள ஒரே வழி டாம்ப்ஸ்கேல் பசிலிஸ்க் கண். டெரோக்கர் காட்டில டாம்ப்ஸ்கேல் எண்டு பேர் போட்ட பசிலிஸ்க் (பல்லி மாதிரி மிருகம்) கொண்டா விழுத்தும். சட்டிரத் நகரத்தில ஆர்க்கனிஸ்ட் அட்ரியாட்ட 8 கண் குடுத்தா ஸ்க்ரையர்ஸ் ரெப் 250 ஏறும். 9,900ஐ 250ஆல வகுத்தா 40 தரம் குடுக்கணும், 320 கண். அந்த 40 தரத்தில ஆல்டர் 11,000 இறங்கி −2,000க்கு, அன்ஃப்ரெண்ட்லிக்கு வந்திரும். ரெண்டையும் சேர்த்து வச்சிருக்க ஏலா.

நியூட்ரலுக்கு ஏறினதும் அட்ரியா கண் வாங்க மாட்டா. அதுக்காக முன்னூற்றுச் சொச்சத்துக்கு மேல சேர்த்து வைக்க வேணாம். அதுக்குப் பிறகு ஃபயர்விங் சிக்னெட் (முத்திரை மோதிரம்), 10 குடுத்தா 250, ஹொனர்ட் வரைக்கும்தான் எடுப்பாங்க. நியூட்ரல்ல இருந்து ஹொனர்டுக்கு 360 சிக்னெட் அளவில தேவை. ஹொனர்டுக்கு மேல சன்ஃபியூரி சிக்னெட். ஆர்க்கேன் டோம் (மந்திரப் புத்தகம்) நியூட்ரலுக்கு மேல எந்த நிலையிலயும் குடுக்கலாம், ஒண்டுக்கு 350.

கண் குடுக்கத் தொடங்க முதல் ஆல்டர் கடையில தேவையான ரெசிப்பி (சாமான் செய்யிற முறை) எல்லாத்தையும் வாங்கிப் படிச்சு முடிக்கச் சொல்லுங்க. படிச்சது போகாது. படிக்காததுக்கு மறுகா அந்தக் கடை திறக்காது.

இதே வேலையை ஆல்டர்ல எக்ஸோல்ட்டட் (ஆக உயர்ந்த நிலை) ஆனாப் பிறகு செய்யிறதெண்டா −42,000ல இருந்து ஏறணும்: 168 தரம், 1,344 கண். இப்பவே யோசிச்சது நல்லம்.

---

பாசிக்குடா_ஹீலர்

ஒள்ளுப்பம் தள்ளின விசயம், ஆனா இஞ்ச ஃபைனல் ஃபன்டசி 14 ஆடுற ஆக்களும் இரிக்காங்க. அதில கிராண்ட் கம்பெனி (ஆட்டக்காரர் சேருற படை) மாறுறதுக்கு உண்மைக் காசு வேணாம். போக வேண்டிய கம்பெனியிட பர்சனல் ஒஃபிசர்ட்ட கதைச்சு 15,000 கில் (கேமுக்குள்ள உள்ள காசு) கட்டினாச் சரி. மாறினா 15 நாளைக்குத் திரும்ப மாற ஏலா. புதுக் கம்பெனியில அடி ரேங்க்ல இருந்து தொடங்கணும், பழைய ரேங்க் அழியாம அங்கயே நிக்கும். பழைய கம்பெனி சீல் (கம்பெனி குடுக்கிற புள்ளிக் காசு) புதுக் கம்பெனியில செல்லாது, அதால போக முதல் அதுக்கு வென்ச்சர் (ரிட்டெய்னரை வேலைக்கு அனுப்புற டோக்கன்) வாங்கி முடிங்க, ஒண்டு 200 சீல்.

ஸ்டார் வோர்ஸ் ஓல்ட் ரிபப்ளிக் கேம்ல காசு குடுத்தாலும் பக்கம் மாற ஏலா. 2019ல ஒன்ஸ்லோட் விரிவாக்கம் வந்தாப் பிறகு கதைக்குள்ள மற்றப் பக்கத்துக்கு உளவு வேலை பார்க்கலாம், அவ்வளவுதான்.

---

கல்லடி_ட்ரூயிட்

அப்ப பட்டில்டேக் வழியில போறன், 9,000 மிச்சம். தங்கச்சி 320 எண்டதும் பேச்சுமூச்சு இல்ல. ஒரு சந்தேகம்: கூட்டாளிமாரிட கில்ட் ரெயிட் இரவு 8 மணி எண்டு போட்டிரிக்கு. அது எங்கட நேரமா?

---

அக்கரைப்பற்று_டேங்க்

இல்ல, சிட்னி நேரம். எங்கட பின்னேரம் 3.30. ஒக்டோபர்ல அங்க மணிக்கூட்டை மாத்தினா 2.30 ஆகிரும், ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான். வேலை, டியூசன் எண்டு ஓடுற ஆளெண்டா பக்கத்தை விட இதுதான் இடிக்கும். நேரம் சரிவராட்டி ஐரோப்பா சேவருக்கு மாத்தலாம் எண்டு நினைக்காதீங்க, வலயம் தாண்டி கரக்டர் போகாது. அங்க 8 மணி ரெயிட் எண்டா எங்களுக்கு கோடையில ராவு 11.30, மாரியில 12.30.