ஐரோப்பாவுக்கு மேயா, செப்டெம்பரா?

கொட்டகலை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஓய்வு பெற்றாயிற்று. அக்காவோடு ஐரோப்பா போய்வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூன்று கிழமை இருக்கலாம். சூரிச்சில் அக்காவின் மகன் இருக்கிறான், அங்கே தங்க இடம் உண்டு. ஸ்டொக்ஹோமில் இறங்கி, கொப்பன்ஹேகன், ஹம்பர்க், பெர்லின், சூரிச், மிலான், ரோம், கடைசியில் ஏதென்ஸ் என்று போட்டு வைத்திருக்கிறோம். எல்லாம் ரயிலில். ஜூலை, ஓகஸ்ட் கூட்டமும் விலையும் எங்களுக்குச் சரிவராது, வெயிலும் ஆகாது. ஆகவே சீசனுக்கு முன்னாலோ பின்னாலோ போகத்தான் விருப்பம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரையா, செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் முதல் கிழமை வரையா? மழை, விலை, பகல் வெளிச்சம் மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். அக்காவுக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு.

எல்ல வழிகாட்டி

டீச்சர், செப்டெம்பர்தான். வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்குகிற உங்கள் பாதைக்கு அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. செப்டெம்பர் நடுவில் ஸ்டொக்ஹோமில் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். குளிர் இருக்கும், ஆனால் நுவரெலியாவின் ஜனவரி இரவைத் தாங்கியவர்களுக்கு அந்தப் பகல் ஒன்றும் செய்யாது. மாதக் கடைசியில் அல்ப்ஸுக்கு வரும்போது கேபிள் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். கோடை முழுக்க மலை உச்சியில் மேய்ந்த மாடுகளுக்குப் பூச்சூட்டி, பெரிய மணி கட்டி, ஊருக்குள் ஓட்டிவருவதும் அந்த மாதத்தில்தான். ஒக்டோபர் தொடக்கத்தில் கிரேக்கக் கடல் கோடையில் வாங்கிய சூட்டை இன்னும் வைத்திருக்கும். மே மாதத்தில் அதே கடலில் கால் வைத்தால் விறைக்கும். குளிர் பின்னால் வர வர நீங்கள் தெற்கே போய்க்கொண்டிருப்பீர்கள்.

அட்டன் கோச்சி

தம்பி சொன்னதில் மாடும் மணியும் சரி, மற்றது எனக்கு ஒப்பவில்லை.

டீச்சர் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். செப்டெம்பர் 22, 23 வாக்கில் அட்டனிலும் ஸ்டொக்ஹோமிலும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். பிறகு வடக்கே நாளுக்கு நாள் சுருங்கும். மே நடுவில் ஸ்டொக்ஹோமில் பகல் 17 மணி நேரம், இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முழங்கால் நோவு உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. காலையில் ஆறுதலாகக் கிளம்பி, மத்தியானம் அறைக்கு வந்து படுத்தெழும்பி, மறுபடி வெளியே போகலாம், அப்போதும் இருட்டாது. ஆகவே பாதையைத் திருப்புங்கள். ஏப்ரல் கடைசியில் ஏதென்ஸ், மே நடுவில் ஸ்டொக்ஹோம். வசந்தம் வடக்கே ஏறும்போது அதோடு நீங்களும் ஏறுங்கள்.

அடுத்தது மழை. மத்தியதரைக் கடலோரத்தில் உயிரைக் குடிக்கும் மழை இலையுதிர்காலத்தில்தான் வருகிறது. அதற்குக் காரணம் தம்பி புகழ்ந்த அதே சூடான கடல். கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்றுக்கு மேலே குளிர்காற்று வந்து நின்றுவிட்டால், மாதக்கணக்கில் பெய்ய வேண்டியது சில மணி நேரத்தில் கொட்டிவிடும். 2011 ஒக்டோபர் 25ஆம் திகதி இத்தாலியின் சிங்க்வே தெர்ரே கரையில் வெர்னாட்சா என்ற ஊர் சேற்றில் புதைந்தது. 2024 ஒக்டோபர் 29ஆம் திகதி ஸ்பெயினின் வலென்சியாப் பக்கம் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் போனார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால் அதே திகதியில்தான் நமது மீரியபெத்தை மண்சரிவு. மலை சரிந்தால் என்னாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எல்ல வழிகாட்டி

அண்ணே, மீரியபெத்தையை நானும் மறக்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு திகதியும் ஒக்டோபர் கடைசிக் கிழமை. டீச்சர் முதல் கிழமையிலேயே திரும்பிவிடுவார். அந்த மழை செப்டெம்பரிலும் வரலாம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒக்டோபர் போகப் போகத்தான் வாய்ப்புக் கூடும்.

மே மாத அல்ப்ஸைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லையே? பனிச்சறுக்குக் காலம் முடிந்திருக்கும், கோடை தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில்தான் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், மலை ஹோட்டல்களும் பூட்டுவார்கள். ஃபுர்க்கா, கிரிம்செல் மாதிரி உயரமான கணவாய்ப் பாதைகள் பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். உயரத்து நடைபாதைகளில் பனி கிடக்கும். சுவிஸுக்குப் போய் மலையை அடிவாரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவதா?

அட்டன் கோச்சி

அடிவாரத்திலிருந்தே பார்க்கட்டும். உச்சிப் பனி உருகி ஓடுவது மே, ஜூனில்தான். லாவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஸ்டவுப்பாக் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அது கனத்து விழும் காலம் அதுதான், செப்டெம்பரில் மெலிந்துவிடும். ரயிலை விட்டு இறங்கி மெதுவாக நடந்தால் ஊர்த் தெருவிலிருந்தே தெரியும், முழங்காலுக்கு வேலை இல்லை. பள்ளத்தாக்கு ரயில்கள் வருடம் முழுக்க ஓடும், மலைமேல் ஏறும் யுங்ஃபிராவ்யோக் ரயிலும் அப்படித்தான்.

பசறை வாசகி

நீங்கள் இரண்டு பேரும் ஒரு கண்டத்துக்கு ஒரே வானிலை என்ற மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மலைநாட்டு ஆட்கள் இப்படிப் பேசலாமா?

ஜூலை, ஓகஸ்ட்டில் நோர்வூட் பக்கம் படங்கு கட்டியும் நனைந்து நனைந்து கொழுந்து எடுப்பார்கள். அதே கிழமை எங்கள் ஊவாப் பக்கம் கச்சான் காற்று காய்ந்து வீசும், தேயிலைக்கு வாசம் ஏறும் காலம் அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைவரிசைதான். பட்டிப்பொலையில் கோச்சி பனிமூட்டத்துக்குள் நிற்கும், சுரங்கத்தைத் தாண்டி ஒஹியாப் பக்கம் வந்தால் கண் கூசும். அல்ப்ஸும் அப்படித்தான். வடக்கிலிருந்து காற்று வந்தால் சூரிச்சில் மழை, தெற்கே லுகானோவில் வெயில். தெற்கிலிருந்து வந்தால் தலைகீழ். கொத்தார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர், 2016இல் திறந்தார்கள். ரயில் இருபது நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடும். சூரிச்சில் அக்காவின் மகன் வீட்டில் இருப்பவர் காலையில் வானிலையைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கலாம். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஊர் என்று முன்பதிவு செய்தவருக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே டீச்சர், மாதத்தைப் பிறகு பார்ப்போம். எட்டு ஊர் என்பதுதான் பிழை. மேயில் போனாலும் செப்டெம்பரில் போனாலும் அதில் ஏதாவது இரண்டு ஊர் காலம் தப்பித்தான் அமையும். அதோடு ஏதென்ஸுக்கு ரயிலில் போய்ச் சேர்வது லேசான காரியமில்லை. இத்தாலியின் பாரி துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து ஓர் இரவு கப்பலில் பட்ராஸ், பிறகு தரைவழி. அக்காவை நினைத்துப் பாருங்கள்.

கொட்டகலை டீச்சர்

தங்கச்சி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இது நாளைக்கு விட்டால் நாளன்றைக்குப் போகிற பயணமில்லை. மறுபடி எப்போது போவோம்? வரலாறு படிப்பித்த எனக்கு ஏதென்ஸையும் ரோமையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்வீடன் அக்காவின் ஆசை.

லிந்துலைப் பெண், பாரிஸிலிருந்து

விலையை யாரும் தொடவில்லையே. சீசன் இல்லாத மாதம் என்றால் எல்லா இடத்திலும் மலிவு என்று நம்பவேண்டாம். செப்டெம்பர் கடைசியில் இங்கே ஃபேஷன் வாரம், அறை விலை ஏறிவிடும். மியூனிக்கில் ஒக்டோபர்ஃபெஸ்ட் என்ற பியர் திருவிழா செப்டெம்பரிலேயே தொடங்குகிறது, அந்த நாட்களில் அங்கே தங்க நினைக்கவே கூடாது. மேயும் சளைத்ததில்லை. பிரான்ஸில் மே 1, மே 8 இரண்டும் விடுமுறை, அதோடு பெரும்பாலும் மேயிலேயே வருகிற ஒரு வியாழக்கிழமை விடுமுறையும் உண்டு. சனம் வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுவிட்டு ரயிலை நிரப்பும். இத்தாலியில் ஏப்ரல் 25, மே 1. நெதர்லாந்தில் ஏப்ரல் 27, அதுவும் டியூலிப் பூக்கும் நேரம்.

எல்ல வழிகாட்டி

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அறை வாடகைக்கு விடும் ஆட்களோடு தினமும் பழகுவதால் எனக்குத் தெரியும். ஏப்ரலில் நுவரெலியாவில் கேட்கிற விலையை மே முதல் கிழமையில் யாரும் கேட்கமாட்டார்கள், குளிர் அப்படியேதான் இருக்கும். விலை விடுமுறையைப் பார்த்துத்தான் ஏறும். எனவே டீச்சர், ஒவ்வொரு ஊரிலும் அந்தத் திகதியில் என்ன விழா, பாடசாலை லீவா என்று பாருங்கள். ஒக்டோபரில் ஜேர்மனியிலும் சுவிஸிலும் இலையுதிர்கால விடுமுறை உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் திகதி மாறும்.

நான் செப்டெம்பரை விடவில்லை. ஆனால் கிரேக்கத்தை வெட்டலாம் என்று வாசகி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அட்டன் கோச்சி

கிரேக்கத்தை வெட்டினால் தம்பியின் சூடான கடலும் போய்விட்டதே! அப்படியென்றால் செப்டெம்பருக்கு மிஞ்சுவது கேபிள் கார் மட்டும்தான். நான் மேயிலேயே நிற்கிறேன்.

பசறை வாசகி

டீச்சர் விரும்பும் பழைய ரோமை அவர் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வெட்டச் சொல்கிறேன். போரமும் கொலோசியமும் ஒரே நாளில் முடியும் சங்கதியா?

விசா விஷயமும் இந்தப் பாதையில்தான் தொங்குகிறது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் வட்டாரத்தில் 29 நாடுகள், நீங்கள் சொன்ன ஊர் அத்தனையும் அதற்குள் வரும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எட்டு ஊருக்கும் இரண்டிரண்டு, மூன்று மூன்று இரவு என்று பிரித்தால் எது முதன்மை என்று உங்களுக்கே குழப்பம், கோப்பைப் பார்க்கிறவருக்கும் குழப்பம். சுவிஸில் எட்டு இரவு என்றால் கேள்வியே இல்லை. அக்கா மகனின் அழைப்புக் கடிதத்துக்கும் பலன் இருக்கும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னால் என்பது விதி, ஆனால் அந்த எல்லைவரை இழுக்காதீர்கள், சில கோப்புகளுக்கு 45 நாள்வரை எடுப்பார்கள். லண்டனும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்குத் தனி விசா.

கொட்டகலை டீச்சர்

அக்காவோடு இரவு உட்கார்ந்து பேசினேன். ஏதென்ஸையும் பெர்லினையும் மிலானையும் எடுத்துவிட்டோம். ஏதென்ஸை எடுத்தது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்கமாட்டேன். செப்டெம்பர் 12 வாக்கில் ஸ்டொக்ஹோம் நாலு இரவு, வழியில் கொப்பன்ஹேகனிலும் ஹம்பர்கிலும் ஒவ்வொரு இரவு, சூரிச் எட்டு இரவு, ரோம் ஆறு இரவு. ரோமிலேயே விமானம் ஏறுவோம், ஒக்டோபர் தொடங்கும்போது வீட்டில். கோச்சி அண்ணா கோபிக்கக்கூடாது. மேயின் வெளிச்சம் மனதை இழுத்தது, ஆனால் அக்காவுக்குக் கேபிள் காரில் ஒருமுறை ஏறியே ஆக வேண்டுமாம். நடக்க முடியாதவருக்கு மலை உச்சி வேறெப்படிக் கிடைக்கும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பல நாட்டு ரயிலுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் எடுக்கலாமா?

அட்டன் கோச்சி

கோபம் எதற்கு டீச்சர், அக்கா கேட்டது சரியான கேள்வி. பாஸ் வாங்குமுன் கணக்குப் பாருங்கள், உங்களுக்கு இப்போது நீண்ட ஓட்டம் நாலுதான். இத்தாலியின் வேக ரயிலுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். சுவிஸின் சாதாரண ரயிலுக்கு அது தேவையில்லை, ஆனால் தனியார் மலை ரயில் சிலதில் பாஸ் முழுதாகச் செல்லாது. தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் மலிவு.

பசறை வாசகி

மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், இறங்கும் நாளிலிருந்து ஏறும் நாள்வரை ஒரு நாளும் விடுபடக்கூடாது. அக்காவின் முழங்கால் பழைய நோவு என்பதால், அதற்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.