பேரிங்கின் அடியில் செந்தூள்: உங்கள் அனுபவம் என்ன?

பராமரிப்புப் பிரிவு, அம்பத்தூர்:
எங்கள் தொழிற்கூடத்தில் அடிக்கடி சத்தமிட்ட ஒரு ப்ளோயரைப் பிரித்தபோது, பேரிங்கின் உள்வளையம் உட்காரும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) பகுதியில் செங்கல் தூள் போன்ற பொடி அப்பியிருந்தது. துடைத்ததும் சிறு குழிகளும் மினுமினுக்கும் திட்டுகளும் தெரிந்தன. சென்னைக் கடற்காற்றில் எதுதான் துருப்பிடிக்காது என்று உடனிருந்தவர்கள் முடித்துவிட்டார்கள். ஆனால் அதே காற்றுபட்ட ஷாஃப்டின் வெளிப்பகுதி சுத்தமாக இருந்தது. மூடிய இடத்தில் மட்டும் எப்படித் துரு வரும்?

இது ஃப்ரெட்டிங் கரோஷன். இறுக்கமாக இருக்க வேண்டிய பொருத்தம் சற்றுத் தளர்ந்தால், அதிர்வினால் இரு பரப்புகளும் சில மைக்ரான் தூரம் ஓயாமல் முன்னும் பின்னும் நகர்ந்து, எஃகின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை உரித்துக்கொண்டே இருக்கும். வெளிப்படும் புது இரும்பு மீண்டும் ஆக்சைடாகி, வெளியேற வழியில்லாத அந்தத் தூளே உப்புத்தாள் போல் பரப்பைத் தின்னும். எஃகில் இச்சேதம் ஈரக்காற்றைவிட வறண்ட காற்றில்தான் அதிகம் என்பதைச் சொன்னால் நம்மூரில் யாரும் நம்புவதில்லை.

முன்பு பேரிங்கை மட்டும் மாற்றி, ஷாஃப்டில் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) அடித்துப் புள்ளிபுள்ளியாய் மேடெழுப்பி இறுக்கியிருந்தார்கள். பஞ்ச் எழுப்பும் மேடுகள் மட்டுமே வளையத்தைத் தாங்கும். அவை விரைவில் நசுங்கிப் பழைய ஆட்டம் திரும்பிவிடும் என்பதால், இந்த வைத்தியத்தை நான் ஏற்பதில்லை. தேய்ந்த இடத்தில் மெட்டல் ஸ்ப்ரே செய்து, அதாவது உருகிய உலோகத்தைத் தெளித்துப் படியவைத்து, கிரைண்டிங்கில் உரிய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே சிக்கல் நின்றது.

பம்ப் ஹவுஸ், மணலி:
ஐயா, எங்களிடம் ஓடாத பம்பே கெட்டது. ஓடும் பம்புகளுக்கு நடுவே மாதக்கணக்கில் சும்மா நின்ற ஸ்டாண்ட்பை (மாற்றுக்கு வைத்திருக்கும்) பம்பின் பேரிங்கில், குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாக வரிசையாய்த் தடங்கள் பதிந்திருந்தன. அதிர்வு குண்டுக்கும் அது உருளும் வளையப் பள்ளத்துக்கும் இடையிலிருந்த கிரீஸை ஒதுக்கிவிட, உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது. புதிய கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, உருளாத சக்கரங்களின் பேரிங்குகளிலேயே இத்தகைய தடங்கள் விழுந்ததை 1930களில் அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். இப்போது வாரந்தோறும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் சாக்பீஸ் குறியிட்டு, ஒரு முழுச் சுற்றோடு கால் சுற்றும் கூடுதலாகக் கையால் திருப்பி நிறுத்துகிறோம். முழுச் சுற்றோடு நிறுத்தினால் ஷாஃப்ட் பழைய நிலையிலேயே வந்து நிற்கும்.