கார்ட்ரிட்ஜ் சீரமைப்பு: அச்செடுத்த வில்கோட்டில் ஊசி நிற்கவே மாட்டேன் என்கிறது

தட்டுப்பிரியன்:
என் இசைத்தட்டு சுழலி டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, அதில் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி). ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வந்தால் 'ச', 'ஸ' எல்லாம் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி கேட்கிறது, முதல் பாட்டில் ஒரு குறையும் இல்லை. கான்ராட் ஹாஃப்மனின் இலவச மென்பொருளில் பிவட்டிலிருந்து (ஊசிக் கை திரும்பும் அச்சு) ஸ்பிண்டிலுக்கு (தட்டின் நடுத்தண்டு) 215 மி.மீ. என்று கொடுத்து, ஊசியின் கோணத்தை அமைக்கும் கணக்குகளில் ஒன்றான லோஃப்கிரென் ஏ முறையில் வில்கோடு, அதாவது ஊசிமுனை நகர வேண்டிய வளைகோடு, அச்செடுத்தேன். வெளிப்பக்கம் ஊசியைக் கோட்டில் வைத்துவிட்டு உள்ளே கொண்டு போனால் விலகிக்கொண்டே போகிறது. மூன்று நாளாக ஸ்க்ரூவைத் திருகியதில் முதுகுவலிதான் மிச்சம். ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம், தராசில் பார்த்தாயிற்று.

ஊசிமுனை:
அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்தீர்களா? அச்செடுக்கும்போது 'தாளுக்குள் அடக்கு' என்கிற டிக் பெரும்பாலும் தானாகவே விழுந்து கிடக்கும், அதை எடுத்துவிட்டு 100% என்று வைக்க வேண்டும். தாளில் படம் சுருங்கினால் வில்லின் வளைவே மாறிவிடும், அப்புறம் ஒரு முனையில் பொருந்துவது இன்னொரு முனையில் பொருந்தாது. அளக்காமல் இனி ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

பழைய ரசிகன்:
இதற்கெல்லாம் மென்பொருள் எதற்கு சார்? டெக்னிக்ஸ் சொன்னபடி ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் கைமுனை) ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. வைத்தால் வேலை முடிந்தது. 30 வருஷமாக அப்படித்தான் கேட்கிறேன்.

ஊசிமுனை:
அதுவும் தப்பில்லை அண்ணா. 52 வைத்தால் ஓவர்ஹேங், அதாவது ஊசிமுனை ஸ்பிண்டிலைத் தாண்டி நீளும் அளவு, 15 மி.மீ., ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும் இடங்கள் சுமார் 58.8, 113.5 மி.மீ. ஆரங்களில் வரும், அதாவது உள்பக்கத்துக்குச் சலுகை. லோஃப்கிரென் ஏ என்றால் 66, 120.9. அதற்கு ஓவர்ஹேங் கிட்டத்தட்ட 17.8 ஆக வேண்டும், கார்ட்ரிட்ஜ் 2.8 மி.மீ. முன்னே நகர்ந்து, முகமும் ஸ்பிண்டில் பக்கமாக இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். பலர் முன்னே தள்ளிவிட்டுத் திருப்ப மறந்துவிடுகிறார்கள்.

ஒலிப்பதிவு:
கோணம் சரியானதும் அசிமுத் பாருங்கள், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் ஊசி இடம் வலம் சாயாமல் நிற்கிறதா என்று. டெஸ்ட் ரெக்கார்டில் இடது பக்கம் மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் வரும் தடத்தை ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, வலது சேனலில் எவ்வளவு கசிகிறது என்று ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வரைபடம்) அந்த 1 கிலோஹெர்ட்ஸ் உச்சத்தின் உயரத்தை மட்டும் பாருங்கள். மொத்த மட்டத்தைப் பார்த்தால் இரைச்சலும் சேர்ந்து ஏமாற்றும். மறுபக்கமும் அதேபோல். இரண்டு கசிவும் கிட்டத்தட்ட சமமாக வரும்வரை மெல்லிய தகடு ஒன்றை ஹெட்ஷெல்லுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையில் ஒரு ஓரமாகச் செருகலாம். கம்பிகளை மட்டும் இழுத்துவிடாதீர்கள், மெல்லியவை.

தட்டுப்பிரியன்:
ஊசிமுனை, மானம் போனது. தாளில் 100 மி.மீ. இருக்க வேண்டிய கோடு 97 தான் இருந்தது. மறுபடி அச்செடுத்து அளந்து வைத்தேன், ஊசி வில் முழுக்கக் கோட்டிலேயே நடக்கிறது, முகத்தையும் திருப்பினேன். கடைசிப் பாட்டுகள் தெளிந்துவிட்டன. பழைய கடையில் வாங்கிய ஒரு தட்டு மட்டும் இன்னும் பொரிகிறது, ஊசியைக் குறை சொல்ல முடியவில்லை, யாரோ அதைத் தேய்த்தே தீர்த்திருக்கிறார்கள். டெஸ்ட் ரெக்கார்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் அசிமுத் எண்களைப் போடுகிறேன்.