கம்போங் புவா பாலா: பாட்டி வாழ்ந்த கம்பத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

பட்டர்வொர்த் பேத்தி:
வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டி பினாங்கு கெலுகோரில் இருந்த கம்போங் புவா பாலா என்ற கம்பத்தில் (கிராமத்தில்) மாடு வளர்த்தவர். 2009-ல் கம்பத்தை இடித்தபோது நான் ஆரம்பப் பள்ளிப் பிள்ளை. எங்கே தேடினாலும் குடியிருந்தவர்களின் நில வழக்கும் இடிப்பும்தான் கிடைக்கின்றன. அதற்கு முன் அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது. அதற்குள் எழுதிவைக்க வேண்டும்.

பழைய வரைபடம்:
அந்த நிலம் பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தைச் சேர்ந்தது. 1825-ல் இறந்த டேவிட் பிரவுன் ஸ்காட்லாந்துக்காரர், ஜாதிக்காய் பயிரிட்டவர். 1860 வாக்கில் நோய் கண்டு பினாங்கு முழுக்க ஜாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. நிலம் கைமாறிய விவரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புகளைப் படியுங்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது.

துன் சார்டோன்வாசி:
அம்மாடி, நான் கம்பத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பான தாமான் துன் சார்டோனில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக்குப் பால் அந்தக் கம்பத்திலிருந்துதான் வரும். விடியுமுன்னே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும், அம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு ஓடுவார். பால்காரர் நுரை அடங்கும்வரை நின்று, கொஞ்சம் கொசுறும் ஊற்றிவிட்டுப் போவார்.

உள்ளே போனால் ஓடை, தென்னை, மாட்டுக் கொட்டகை, காலைச் சுற்றும் ஆடு கோழி. சுற்றிலும் அடுக்குமாடி எழும்பியும் அங்கே சாணி மணம் போகவில்லை. வெளியாட்கள் ‘ஹை சப்பரல்’ என்பார்கள், தொலைக்காட்சியில் வந்த கௌபாய் தொடரின் பெயர். எனக்கு அது பிடிக்காது. கொம்புக்கு வண்ணம் பூசி மாட்டுப் பொங்கல் வைத்த தமிழர் ஊர் அது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், 2009-ல் தொடங்காதீர்கள். அப்படி எழுதினால் அங்கே வாழ்ந்தவர்கள் வெறும் வழக்குக்காரர்களாகத்தான் தெரிவார்கள். புல் எங்கே அறுத்தார்கள், எந்த வீட்டுக்கு எவ்வளவு பால், அடைமழையில் ஓடைத் தண்ணீர் எதுவரை ஏறும், இதையெல்லாம் கேளுங்கள். பாட்டியிடம் வருஷத்தைக் கேட்டால் குழம்புவார். மாடுகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

மலர்:
தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பினாங்கில் கிளை இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். அப்புறம், பாட்டி பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் பேத்தி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. நேற்றிரவு கேட்டேன். செவலை, கருப்பி, லட்சுமி என்று தடங்கலில்லாமல் சொன்னார். லட்சுமி உதைக்குமாம், தாத்தாவைத் தவிர யாரும் கறக்க முடியாதாம். துன் சார்டோன் பக்கம் பால் ஊற்றியது தாத்தாவின் தம்பி என்கிறார். அண்ணா, உங்கள் வீட்டுக்கு வந்தவர் கொஞ்சம் உயரமாக, மீசை வைத்தவரா?