தம்பி பிலிப்பைன்ஸுக்கு ஊழியத்துக்குப் போகிறான்: கூட இருப்பவர்கள், சாப்பாடு, போன் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவைக்காரி:

வணக்கம். தம்பிக்கு 19 வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து (மார்மன் சபை என்று வெளியில் சொல்வார்கள்) ஊழிய அழைப்பு வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ், டகாலோக் பேசும் பகுதி, இரண்டு வருஷம்.

அவன் கூச்ச சுபாவம். புதிதாக யாரோடும் சட்டென்று ஒட்டமாட்டான். யாரோடு தங்குவான், அந்த ஆளை அவனே தேர்ந்தெடுக்க முடியுமா, ஒத்துப்போகாவிட்டால் என்ன வழி? நண்பர்கள் என்று யாராவது அமைவார்களா, அல்லது நாளெல்லாம் வேலை மட்டும்தானா? அம்மாவுக்கு இந்தக் கவலைதான் பெரிது. மத விவாதம் வேண்டாம், தினப்படி வாழ்க்கை எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

பனையோலை:

அக்கா, முதலில் கம்பேனியன் (கூடவே தங்கி ஊழியம் செய்யும் ஜோடி) விஷயத்தைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

மிஷனரிகள் எப்போதும் இருவர் இருவராகவே இருப்பார்கள். யாரோடு யார் என்று முடிவு செய்வது மிஷன் தலைவர், அதாவது அந்தப் பகுதி மிஷனரிகள் எல்லோருக்கும் பொறுப்பானவர். தம்பியால் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். ஒரே அறை, தனித்தனிக் கட்டில். குளியலறையிலும் தலைவரோடு நடக்கும் தனிப் பேட்டியிலும் மட்டுமே தனிமை. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் அறிவிப்பார்கள். சில ஜோடி அப்படியே தொடரும், சில பிரியும். முதல் பன்னிரண்டு வாரம் பயிற்சி தரும் மூத்த மிஷனரியோடு இருப்பான். அங்கே பயிற்சி தருபவரைச் செல்லமாக அப்பா என்றும் புதியவரைப் பிள்ளை என்றும் அழைக்கும் பழக்கம் உண்டு. இரண்டு வருஷத்தில் பத்துப் பேர் வரை கம்பேனியனாக வாய்ப்பது சாதாரணம். அதனால் முதல் ஆள் ஒத்துவராவிட்டால் இரண்டு வருஷமும் போச்சு என்று அம்மா நினைக்க வேண்டாம்.

நாள் இப்படிப் போகும்: காலை 6.30க்கு எழுந்து அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. அதன்பின் தனியாக வேதப் படிப்பு, ஜோடியாகப் படிப்பு, மொழிப் பாடம். முற்பகலில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதையொட்டித் திரும்பி, மறுநாள் திட்டம் எழுதி, 10.30க்கு விளக்கணைப்பு. அந்த ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மிஷன் தலைவர் நேரத்தை முன்பின் நகர்த்துவார்.

சண்டை எதனால் வருகிறது என்பது முக்கியம். கொள்கையால் அபூர்வமாகத்தான் வரும். அலாரத்தை மூன்று தடவை அடிக்கவிடுவது, கழுவாத தட்டு, மின்விசிறி யார் பக்கம் திரும்புகிறது, ஒருவர் வேகமாக நடந்து மற்றவரைப் பின்னால் விட்டுவிடுவது, போனை எப்போதும் ஒருவரே கையில் வைத்திருப்பது, இவைதான். வீட்டில் என்றால் கோபம் வந்தால் தெருமுனைவரை போய் வருவோம். இங்கே எங்கே போனாலும் இருவரும் போக வேண்டும். கோபம் ஆற இடமே கிடையாது, சின்னது பெரிதாவது அதனால்தான்.

இதற்கென்றே வாராந்தரத் திட்டமிடலின் கடைசியில் ஒரு பேச்சு உண்டு. ஜெபித்து ஆரம்பித்து, இந்த வாரம் மற்றவர் செய்த நல்லதை ஒவ்வொருவரும் சொல்வார்கள். பிறகு ஒரு சிரமம். ஒன்றே ஒன்று, அதுவும் செயலாகச் சொல்ல வேண்டும். "நீ பொறுப்பில்லாதவன்" என்றால் பேச்சு அங்கேயே முறியும். "செவ்வாயும் வியாழனும் பாத்திரம் அப்படியே கிடந்தது" என்றால் தீர்வு வரும். அடுத்த வாரம்வரைக்கும் ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். பலர் இதைச் சங்கடத்தால் தவிர்க்கிறார்கள். நான்கு வாரம் தவிர்த்தால் ஐந்தாம் வாரம் வெடிக்கும். இரவு பத்து மணிக்குக் களைப்போடு பேசவும் கூடாது.

பெரும்பாலும் ஒரு வீட்டில் இரண்டு ஜோடி, நான்கு பேர் இருப்பார்கள். தன் கம்பேனியனைப் பற்றி மற்ற ஜோடியிடம் குறை சொல்வதை முதல் நாளிலிருந்தே தவிர்க்கச் சொல்லுங்கள். வீடு இரண்டு கட்சியாகப் பிரிவது அப்படித்தான். விதி மீறல், மிரட்டல், கை நீட்டல் என்றால் கதையே வேறு. மிஷனரிகள் வாரம்தோறும் மிஷன் தலைவருக்கு நேரடியாக எழுதுவார்கள், கம்பேனியன் அதைப் படிக்க மாட்டார். அதில் எழுதலாம், அவசரமென்றால் உடனே அழைக்கலாம்.

நட்பு எங்கே முளைக்கும் என்று கேட்டீர்கள். பக்கத்துப் பகுதி ஜோடிகள் சேர்ந்தது ஒரு டிஸ்டிரிக்ட், வாரம் ஒருமுறை கூடுவார்கள். அவ்வப்போது ஒரு நாளுக்கு ஜோடியை மாற்றிக்கொண்டு வேலை செய்வதும் உண்டு. கூச்சப்படும் பையனுக்கு இது ரொம்ப நல்லது. கூட்டத்தில் போய்ப் பேசு என்று யாரும் தள்ளுவதில்லை. ஒரே ஒரு ஆளோடு நாள் முழுக்க நடந்தால் போதும், பேச்சு தானாக வரும்.

கரிசல்மண்:

மேலே சொன்னது சரி. நான் மொழிப் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நட்பு அதில்தான் தொடங்குகிறது.

டகாலோக்கில் தமிழனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நமக்கு "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. அவர்களுக்கும் அப்படியே: கேட்பவரைச் சேர்த்தால் 'தாயோ', சேர்க்காவிட்டால் 'காமி'. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பையன்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. ஜெபத்தில் 'தாயோ' போட்டால் கடவுளையும் நம் கூட்டத்தில் சேர்த்ததாகிவிடும். நாம் "எங்கள் பிதாவே" என்கிறோமே, அதேபோல் அவர்கள் 'ஆமா நாமின்' என்பார்கள். நீ, நீங்கள் போல 'இகாவ்', 'காயோ' உண்டு. பெரியவர்களிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' சேர்க்க வேண்டும். 'ஆமாம்' என்பதற்கு மரியாதைச் சொல் 'ஓபோ'. இதை விட்டால் முரட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள்.

சமஸ்கிருதம் வழியாக அங்கே போன சொற்களும் கைகொடுக்கும். முகம் 'முகா', ஆசிரியர் 'குரோ', நம்பிக்கை 'பாக்-ஆசா' (நம் ஆசைதான்).

தடுக்குவது வினைச்சொல்லில். மீன் சாப்பிட்டேன் என்பதில் ஆளை முன்னிறுத்தினால் 'குமாயின்', அந்த மீனை முன்னிறுத்தினால் 'கினாயின்'. விதியை மனப்பாடம் செய்து இது வராது. ஒரு நாளைக்கு ஐந்து வினை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, மாலையில் ஒரு குடும்பத்திடம் பேசிப் பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தச் சொல்லிக் கேட்பதே நட்புக்கு வாசல். சிரிப்பார்கள், ஆனால் விடாமல் சொல்லித்தருவார்கள். வீட்டில் மதியம்வரை டகாலோக் மட்டும் என்று கம்பேனியனோடு பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் அங்கே எல்லோருக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் சோம்பல் வந்துவிடும். விசயாஸ் தீவுகளிலிருந்து வந்த கம்பேனியனுக்கு டகாலோக்கும் கற்ற மொழிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழக்கவழக்கத்தில் நாலு விஷயம். வயதானவரைப் பார்த்தால் அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது மரியாதை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் 'காயின் தாயோ', அதாவது "வாங்க சாப்பிடலாம்" என்பார். நம்மூரில் சொல்வதுபோல் அது உபசாரச் சொல்லாகவும் இருக்கும். உடனே உட்காராமல் நன்றி சொல்ல வேண்டும், இரண்டாம் மூன்றாம் முறை வற்புறுத்தினால் உட்காரலாம். "ஆமாம்" என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள், திசை காட்ட உதட்டைக் குவிப்பார்கள். நம் தலையாட்டல் அவர்களுக்குப் புரியாது, அதனால் வாயைத் திறந்து பதில் சொல்லப் பழக வேண்டும்.

இன்னொன்று 'தம்போ'. நெருங்கியவர் மனம் புண்பட்டால் சண்டை போடமாட்டார், பேச்சைக் குறைத்துக்கொள்வார். நம் ஊர்க் கோவிச்சுக்கிறதுதான். பிலிப்பினோ கம்பேனியன் திடீரென்று மௌனமானால் "என்ன பிரச்சினை, சொல்" என்று நெருக்கினால் இன்னும் இறுகும். மாலைச் சிற்றுண்டி வாங்கி வைப்பது, அவர் முறை வேலையைச் செய்துவிடுவது, பக்கத்தில் சும்மா உட்கார்வது, இவைதான் மருந்து. பேச்சு மறுநாள் வரும்.

கோவைக்காரி:

இருவருக்கும் மிக்க நன்றி. தாயோ, காமி விஷயத்தைச் சொன்னதும் தம்பிக்கு ஒரே சந்தோஷம், நோட்டில் எழுதிக்கொண்டான். சாப்பாடும் துணிமணியும் யாராவது சொல்லுங்கள். அவன் மாடு, பன்றி சாப்பிடமாட்டான். போனில் அழுதால் நாங்கள் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

நொய்யல்:

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். மூன்று வேளையும் சோறு கிடைக்கும் நாடு. சந்தையில் முருங்கைக்கீரை மலிவு, பெயர் 'மலுங்காய்'. பாகற்காய், பரங்கிக்காய், கத்தரிக்காய், நீளக் காராமணி, பாசிப்பயறு ('முங்கோ'), தேங்காய், புளி எல்லாம் உண்டு. கறிவேப்பிலையை மட்டும் சாதாரணச் சந்தையில் எதிர்பார்க்க வேண்டாம். சாம்பார்ப்பொடி, மிளகு சீரகப் பொடி, பெருங்காயம் கொஞ்சம் போதும். பெருங்காயத்தை இரட்டை உறையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை எல்லாம் மணக்கும்.

கவனிக்க வேண்டியது: காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் பன்றித் துண்டோ இறால் விழுதோ இருக்கும். பாசிப்பயற்றிலும் போடுவார்கள். விருந்துக்கு அழைக்கும் குடும்பத்திடம் முன்கூட்டியே, சபையில் சாப்பாட்டு முறை போடுபவர் வழியாகச் சொல்லிவிட வேண்டும். தட்டில் வைத்த பிறகு மறுத்தால் சமைத்த அம்மாவுக்கு மனம் நோகும். மீன் சாப்பிடுவான் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவர்களுடைய 'சினிகாங்' புளிக்குழம்பை மீன் போட்டுக் கேட்டால் நம் நாக்குக்குப் பிடிக்கும்.

ஊருக்குப் போகுமுன் மூன்றே மூன்று கற்றுக்கொடுங்கள்: ரசம், முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயறுக் கூட்டு, எலுமிச்சைச் சாதம். வாரம் ஒருநாள் நான்கு பேருக்கும் அவன் சமைத்தால் அந்த வீட்டில் அவன் கூச்சம் ஒரு மாதத்தில் போய்விடும்.

அரிசியை மூட்டையாக வாங்கக் கூடாது. பாதியில் மாற்றம் வந்தால் யார் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கில் மனக்கசப்பு வரும். ஐந்து கிலோவாக வாங்கி, செலவை அன்றே பங்கு போட வேண்டும். மாதாந்தரப் பணத்தையும் நான்காகப் பிரித்து வைக்கட்டும். முதல் இரண்டு வாரத்தில் வெளிச்சாப்பாட்டில் கரைத்துவிட்டுக் கடைசி வாரம் ஜீப்னிக்கு (அங்கத்திய ஷேர் வண்டி) காசில்லாமல் நிற்பது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. ஊர்க்காரர்களுக்குக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் அறவே கூடாது. யாராவது கேட்டால் உள்ளூர் சபைத் தலைவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

மின்சாரம் 220 வோல்ட்தான், ஆனால் தட்டை இருமுனைப் பிளக். நம் உருண்டை முனைக்கு அடாப்டர் இரண்டு தேவை. துணி கையால்தான் துவைக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் விடியற்காலையிலேயே துவைத்தால்தான் காயும். ஷூ இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்தால் செய்தித்தாள் திணித்துக் காற்றில் வைத்துவிட்டு மற்றதைப் போட வேண்டும்.

பனையோலை:

போன் பற்றி. 2019 பிப்ரவரிவரை கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேச்சு. இப்போது வாரம் ஒருமுறை, ஆயத்த நாளில் (சொந்த வேலைகளுக்கு என்று விடும் நாள்) பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம். ஆயத்த நாள் பெரும்பாலும் திங்கள், மாலையில் முடிந்துவிடும். அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 10 என்றால் கோவையில் 7.30.

ஒன்றைக் குடும்பங்கள் யோசிப்பதில்லை. துவைப்பது, சந்தைக்குப் போவது, மற்ற மிஷனரிகளோடு கூடைப்பந்து ஆடுவது, எல்லாம் அந்த ஒரே நாளில்தான். தம்பி மூன்று மணிநேரம் போனில் இருந்தால், அவனை விட்டு நகர முடியாத கம்பேனியனும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் அந்த வார விளையாட்டு போச்சு. முப்பது நாற்பது நிமிடத்தோடு நிறுத்துங்கள். கம்பேனியனையும் திரைக்கு அழைத்து அம்மா இரண்டு வார்த்தை நலம் விசாரிக்கட்டும். அந்தப் பையனும் தன் அம்மாவை விட்டு வந்தவன்தான்.

அழுவது முதல் ஆறு வாரத்தில் இயல்பு. "திரும்பி வந்துடு" என்றும் சொல்லாதீர்கள், "சகிச்சுக்கோ" என்றும் சொல்லாதீர்கள். தூக்கம் எப்படி, சாப்பிடுகிறாயா, இந்த வாரம் யாரோடு சிரித்தாய் என்று கேளுங்கள். சபை கொடுக்கும் கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த வாரம் என்ன நிறம் என்று கேட்டால் கூச்சப்படும் பையன்கூடச் சொல்லிவிடுவான். பல நாள் தூக்கமில்லை, சாப்பிடவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அடுத்த திங்கள்வரை காத்திருக்காமல் அன்றே மிஷன் தலைவரை அழையுங்கள். எண்ணைப் பயணத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துக்கச் செய்தி என்றாலும் அவர் வழியாகச் சொல்லுங்கள், அப்போது அவன் பக்கத்தில் ஆள் இருக்கும். உடல்நலத்தாலோ மனநலத்தாலோ முன்கூட்டியே திரும்பும் பிள்ளைகளும் உண்டு. அப்படி நேர்ந்தால் ஏன் என்று சொந்தக்காரர்கள் துருவாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை.

கரிசல்மண்:

ஷூ பற்றி நொய்யல் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளநீரில் இறங்கி நடப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து, எலிக்காய்ச்சல் வரும். காலில் புண்ணோடு இறங்கவே கூடாது. வேறு வழியின்றி இறங்கிவிட்டால் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மிஷன் செவிலியரிடம் சொல்ல வேண்டும், தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் சொல்வார். டெங்குக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், கால்சட்டைக்குக் கீழே கணுக்காலிலும் மருந்து தடவ வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். பரிசோதனை முடியும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் தொடக் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும்.

கோவைக்காரி:

எல்லாவற்றையும் அச்செடுத்து அவன் பையில் வைக்கிறேன். இன்று இரவு ரசத்தில் தொடங்குகிறோம்.