காசநோய் ஆய்வுக்காரர்கள் உங்கள் வீட்டுக்கு வந்ததுண்டா? அனுபவம் பகிரலாம்

திருவள்ளூர்ப் பையன்

கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் அடங்கின நேரம். எக்ஸ்ரே வண்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பதினைந்து வயசுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் வரணும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஆயா படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும், பேர் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தழும்பைக் காட்டினாள். "எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி உங்க ஆளுங்கதான் வந்து போட்டாங்க. அந்த ஊசி வேலை செஞ்சுதா இல்லையா?"

செங்கல்பட்டு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1968 முதல் 1971 வரை, அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். யாருக்கு பி.சி.ஜி., யாருக்கு வெறும் ஊசி என்று போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. அப்புறம் பதினைந்து வருஷம், இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சளி எடுத்துப் போனார்கள்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு ஆயா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "பெரியவங்களுக்கு நுரையீரல்ல வர்ற காசநோயை அது தடுக்கலை ஆயா. சின்னக் குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி பெருசா வர்றதைத் தடுக்குது. அதனாலதான் இன்னிக்கும் பொறந்ததும் போடறோம்" என்றாள்.

ஆயாவின் அக்கா காசநோயில்தான் செத்துப்போனாள். அவளும் ஊசி போட்டுக்கொண்டவள். ஆயா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். "முடிவு தெரிஞ்சப்ப ஒரு ஆள் வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள். அந்தப் பெண் "சொல்லியிருக்கணும் ஆயா" என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஆய்வு முடிவு வெளியே தெரிந்தது 1979, 80 வாக்கில். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2021இல்.

கேள்விக்காரன்

இதைத்தான் நான் எப்போதும் சொல்கிறேன். ஏழை ஊரைப் பார்த்து வருவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள், உலகமெல்லாம் பேர் வாங்குவார்கள். நம் ஆட்கள் சோதனைச்சாலை எலிகள். எங்கள் தெருவிலும் ஒரு தடவை வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை.

வடசென்னைப் பேத்தி

கேள்விக்காரன், கதவைத் திறக்காதது உங்கள் உரிமை. ஆனால் எலி என்று சொன்னதற்கு நான் பதில் சொல்லியே ஆகணும். எங்கள் தாத்தா அந்த "எலி"களில் ஒருவர்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமை. அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான், மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் ஆஸ்பத்திரி. படுக்கை கிடைக்காதவன் வீட்டில் கிடந்து சாவான். மருந்து மட்டும் கொடுத்து வீட்டிலேயே வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வு. 193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். தாத்தாவுக்கு வீடு விழுந்தது.

வீடு என்றால் ஒரே அறை. அதில் ஏழு பேர். வாரம் ஒரு தடவை சேத்துப்பட்டுக்குப் போய் மருந்து வாங்கி வரணும். ஐசோநியாசிட், பாஸ் என்று இரண்டு மருந்து. பாஸ் வயிற்றைப் புரட்டும், தாத்தா அதைச் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று பார்ப்பாராம். மையத்துக்காரர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று வந்து நிற்பார்கள். மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் கேட்பார்கள். சோதித்தால் பாஸ் உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பாட்டி எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஒரு மழைநாளில் வந்த அம்மா, முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு, சிறுநீர்க் குப்பியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போனாராம். எதிர்வீட்டுக்காரிக்கு நோய் தெரிந்துவிடக் கூடாது என்று. பாட்டி கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே செய்தார்.

ஒரு வருஷத்தில் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, சானடோரியத்தில் 92. நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களை ஐந்து வருஷம் கவனித்துப் பார்த்தார்கள், அவர்களுக்கும் நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். தாத்தா எழுபது வயசு தாண்டி இருந்தார். அந்தக் குலுக்கலில் பேர் இல்லாவிட்டால் மருந்தும் இல்லை, நானும் இல்லை.

ராஞ்சியில் இருந்தவள்

வடசென்னைப் பேத்தி சொன்னதில் பாதியைத்தான் அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டன. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஆனாலும் மருந்தால் குணமானார்கள். இதை வைத்துக்கொண்டு "மருந்து போதும், சோறு முக்கியமில்லை" என்ற நினைப்பு பல பத்தாண்டுகள் ஓடியது. நோய் வந்தவன் குணமாவது வேறு, பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்தவனுக்கு நோய் வருவது வேறு.

நான் பொது சுகாதாரம் படித்தபோது ஜார்க்கண்டில் கொஞ்ச காலம் இருந்தேன். ரேஷன்ஸ் ஆய்வு அங்கே நடந்துகொண்டிருந்தது (நான் அதில் வேலை செய்யவில்லை, கூடப் போய்ப் பார்த்ததோடு சரி). ஆய்வில் எல்லா நோயாளிகளுக்கும் மாதாமாதம் உணவுப் பை உண்டு. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பது கேள்வி. சில பகுதிகளில் குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், சில பகுதிகளில் நோயாளிக்கு மட்டும்.

நோயாளிக்கு மட்டும் கொடுத்த ஒரு வீட்டுக்குப் போனோம். நோயாளி அப்பா. அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா எங்கள் எதிரிலேயே தட்டுகளை வரிசையாக வைத்துச் சமமாகப் பரிமாறினார். எடை பார்க்க வந்தவர் எதுவும் சொல்லாமல் குனிந்து எடை மெஷினின் முள்ளைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கடைசிக் குழந்தை, அப்பா தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்து அவருக்கே ஊட்டியது. என்ன நினைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2023இல் முடிவு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்கள். எல்லாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் காசநோய் 39 சதவீதம் குறைவு. தொற்றக்கூடிய வகையை மட்டும் பார்த்தால் 48 சதவீதம். 2024இல் மத்திய அரசு நோயாளிக்கான மாத உதவியை 500 ரூபாயிலிருந்து 1000 ஆக்கியது, வீட்டில் உள்ளவர்களையும் உணவுப் பைத் திட்டத்தில் சேர்த்தது.

கேள்விக்காரன்

சோறு போட்டால் நோய் வராது என்று தெரிந்துகொள்ள ஆய்வு வேணுமா? எங்கள் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே. அந்தக் குழந்தைக்குக் கொடுக்காமல் இருந்தது நியாயமா?

ராஞ்சியில் இருந்தவள்

உங்கள் அம்மாவுக்குத் தெரியும். நிதித்துறைக்குத் தெரியாது. எவ்வளவு குறையும் என்று எண் காட்டாமல் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள், அதுவரை நோயாளியின் வீட்டாருக்கென்று காசநோய்த் திட்டத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

சட்டம் பேசுபவர்

எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை நோய் ஆய்வு என்று ஒரு குழு வந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த என் அப்பாவிடம் மைப்பெட்டியை நீட்டினார்கள். அப்பா பேனாவை எடுத்து முழுப் பேரையும் இனிஷியலோடு எழுதிக் கொடுத்தார். அந்த நீட்டின கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் எல்லாருக்கும் சில விஷயங்கள் சொல்கிறேன். ஆய்வுக்கு யார் வந்தாலும் முதலில் தகவல் தாளைக் கேளுங்கள், தமிழில் இருக்கணும். படித்து முடிக்கும் வரை அவசரப்படாதீர்கள், வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று திருப்பி அனுப்பலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதும் வாசித்துக் காட்டணும், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கணும். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்களுக்குச் சேரவேண்டியது. அதில் நெறிமுறைக் குழுவின் (ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற குழு) தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர் மேல் புகார் இருந்தால் ஆய்வாளரிடமே போய் நிற்க வேண்டியதில்லை, அந்தக் குழுவிடம் பேசலாம்.

நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம். விலகினால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து நிறுத்துவோம் என்று யாராவது சொன்னால் அது மிரட்டல். ரத்தம் எடுத்தால், மிச்சத்தைச் சேமித்து வைப்பார்களா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். புது மருந்து ஆய்வு என்றால், பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கணும். 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளை இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கடைசியாக ஒன்று, திருவள்ளூர்ப் பையனின் ஆயா கேட்டது: "முடிவு எப்போது வரும், எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?" கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்கள்.

ஊர் நர்ஸ்

மேலே இருக்கிற அறிவுரை எல்லாம் சரி. ஆனால் "வீடே போதும்" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். காசநோயில் சாகிறவர்களில் நிறையப் பேர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். இதைப் பார்த்துத்தான் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்துக்காரர்களும் மாநில அரசும் சேர்ந்து 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கினார்கள். பெரிய சோதனை எதுவும் வேண்டாம். உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. எங்களைப் போன்றவர்களே பார்த்துக் குறித்துவிடலாம்.

பயிற்சி கொடுக்க வந்த ஆய்வாளர் ஒருவர் எங்களோடு புறநோயாளிப் பகுதியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டடத் தொழிலாளி, முப்பது வயசு இருக்கும், சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை கொடுத்தால் கிளம்பிவிடுவேன், வேலைக்குப் போகணும் என்றார். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன், அதுவரை அப்படித்தான் எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆய்வாளர் "அண்ணே, கையை ஊன்றாம ஒரு தடவை எழுந்திருங்க" என்றார். அவரால் முடியவில்லை. இரண்டாம் தடவை முயன்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்தார். ஆக்சிஜன் 91 காட்டியது. 94க்குக் கீழே போனாலே படுக்கையில் சேர்க்கணும்.

அன்றைக்கே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தினம் முட்டை, பால், கூடவே ஆக்சிஜன் வைத்து மருந்தும் தொடங்கினார்கள். குணமாகி வந்து அட்டையைக் காட்டிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்று சொல்லி மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், "எடை பார்த்தீங்களா, ஆக்சிஜன் பார்த்தீங்களா, எழுந்து நிக்கச் சொன்னீங்களா" என்று கேளுங்கள். நர்ஸிடமே கேட்கலாம்.